ஒரு குடம் தண்ணீருக்கு எரிந்த பல்பு

பூலாம்பாடி ரோட்டைப் பிடிப்பதற்காக மக்காச்சோளக் காட்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் கருவிப் பை, கையில் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் ஒரு முனையில் ஈர மண் ஒட்டியிருந்தது. மறுமுனையில் ஒயர் சுற்றியிருந்த தடம். அங்கேயே போட்டுவிட்டு வந்தால் யாராவது எடுத்து மறுபடியும் அடித்துவிடுவார்கள் என்றுதான் கையோடு கொண்டுவந்தேன். பச்சமலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. கொட்டாயைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். வரப்பு வளைகிற இடத்தில் பார்வை தானாகப் போய்விட்டது. வீட்டில் விளக்கு இல்லை. வாசலுக்கு வடக்கே அந்த அக்கா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டையே பார்த்தபடி நின்றார்.

அப்போது நான் பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே சுற்றும் செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடையில் இருந்தேன். அதற்கு முன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். அதற்கும் முன் செங்கல் சூளை, திருப்பூர், ஒரு ஓட்டலில் மாவு ஆட்டும் வேலை. எந்த இடத்திலும் கால் தங்கவில்லை. படிப்பு ஒன்பதாவதோடு சரி. பிறகு ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டேன். அங்கே கற்றதில் என் தலையில் தங்கியது ஒரே ஒரு கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை வரும், அதாவது கரண்ட் போகிற வழி அதை எவ்வளவு மறிக்கிறது என்பது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அந்த இடத்தில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது. மற்றதெல்லாம் மறந்துபோனது. இது மறக்கவில்லை.

மறக்காமல் போனதற்குக் கடையும் ஒரு காரணம். வேலை செய்யும் மேசைக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். சீரிஸ் பல்பு என்போம். கரண்ட் நேராகப் பல்புக்குப் போகாது. சோதிக்க வேண்டிய மோட்டாரின் காயிலுக்குள் நுழைந்து, அதைக் கடந்த பிறகுதான் பல்புக்கு வரும். காயில் அதிகம் மறிக்காவிட்டால் பல்பு பளிச்சென்று எரியும். மறித்தால் மங்கும், இன்னும் மறித்தால் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். மீட்டரை எடுக்கச் சோம்பல்பட்டு, பல்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். கடையில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

எரிந்துபோன ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து போட்டிருந்த விவசாயி, காயில் கட்டி முடித்ததும் அதை மாட்டிக் கொடுக்க என்னை மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். அரும்பாவூர் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் ஒரு கொட்டாய். அவருடைய செத்துப்போன அண்ணனின் வீடு. அண்ணி மட்டும் அங்கே இருந்து சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார்.

“அப்புடியே எங்க அண்ணி வூட்டு லைட்டையும் பாத்துருப்பா,” என்றார். “ஒரு நேரம் மினுக்குது, ஒரு நேரம் செத்துப்போவுது. வெங்காயத்துல களை எடுக்கக் கூப்புட்டா ஒரு பொம்பள வரமாட்டேங்குது. எங்க அண்ணன் அங்கேயே சுத்துறாருன்னு பேச்சு.”

“எப்படிப் போனாருங்க?”

“போன கோடையில, கரண்ட் அடிச்சு. அந்தக் கொட்டாயி வாசல்லதான்.” வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “எனக்கென்ன. அவரு சுத்துனா மோட்டாரத் திருட ஒருத்தன் வரமாட்டான். உசுரோட இருந்தப்ப ஒரு நாளு காவலுக்குப் படுத்திருப்பாரா.”

சிரித்தார். சிரித்துவிட்டு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

மோட்டாரை இறக்கி மாட்டி, தண்ணீர் வரும் வரை ஓட்டிப் பார்த்தோம். சாயங்காலம் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் டெம்போவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் லைட்டைப் பார்க்கப் போனேன்.

பார்த்ததுமே விஷயம் புரிந்தது. மோட்டார் கொட்டகைக்கு மூன்று பேஸ் ஒயர்தான் வந்திருந்தது. மோட்டாருக்கு அது போதும். வீட்டு பல்புக்கு, கரண்ட் வர ஒரு பேஸும், திரும்பிப் போக நியூட்ரலும் வேண்டும். நியூட்ரல் அந்தக் காட்டுக்கு வந்து சேரவில்லை. அதனால் கொட்டகையிலிருந்து ஒரு பேஸை மட்டும் வீட்டுக்கு இழுத்திருந்தார்கள். பல்பின் அடுத்த ஒயரை வெளியே கொண்டுவந்து, மண்ணில் அடித்த ஓர் இரும்புக் கம்பியில் சுற்றியிருந்தார்கள். எர்த் போடுவது என்பார்கள். கரண்ட் பல்பைக் கடந்து, கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கி, பூமி வழியாகவே திரும்பிப் போகும். பெரம்பலூர்ப் பக்கத்துக் காட்டுக் கொட்டாய்கள் பலவற்றில் இதைப் பார்த்திருக்கிறேன். கோடையில் மண் காய்ந்து வெடித்தால் கம்பிக்கும் மண்ணுக்கும் ஒட்டு விட்டுப்போகும், பல்பு மங்கும். கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். சில பேர் உப்பும் போடுவார்கள்.

மீட்டரை வைத்தேன். வீட்டிலும் கடையில் தொங்குவது போன்ற குண்டு பல்புதான். வந்த வோல்ட் இருநூற்று முப்பது. பல்பில் நின்றது நூற்று நாற்பதுதான். மீதித் தொண்ணூறு கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்றது. ஓடுகிற கரண்ட் ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. தொண்ணூறை அதால் வகுத்தால் இருநூற்று எழுபது ஓம். அந்த வாசல் மண் அவ்வளவு மறித்தது. பெருக்கிப் பார்த்தால் முப்பது வாட். ஒரு சின்ன பல்பு எரிகிற அளவுக்கு மண்ணுக்குள்ளே சக்தி போய்க்கொண்டிருந்தது.

விவசாயியின் அண்ணி, நான் அக்கா என்று கூப்பிட்டவர், தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தார்.

“அது கோளாறு இல்ல தம்பி,” என்றார். “என் கொழுந்தனுக்குத் தெரியாது. அது நேரத்துக்கு எரியும்.”

“எந்த நேரத்துக்குக்கா?”

“சாயந்தரம் அவருக்குத் தண்ணி ஊத்துவேன். ஊத்துனா எரியும்.”

புருஷன் விழுந்த இடத்தில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாராம். தாகத்தோடு செத்தவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது. அவர் விழுந்தது அந்தக் கம்பியடியில்தான். சாவு வீட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்று, காரியம் முடிவதற்குள்ளேயே கொழுந்தன் அதே இடத்தில் கம்பியைத் திரும்ப அடித்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அக்கா தண்ணீர் ஊற்றுவதும், உள்ளே பல்பு பிரகாசிப்பதும் நடந்துவந்தது.

“எல்.இ.டி. பல்பு போட்டா மங்கவே மங்காதுக்கா.”

“என் கொழுந்தன் வாங்கியாந்து மாட்டுனாரு. அது எப்பவும் ஒரே மாதிரி எரியுது. அவரு தெரியல அதுல. கழட்டிட்டேன்.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் உட்கார்ந்து புருஷன் செத்த நாளைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்வது போலத்தான் சொன்னார். அன்றைக்கும் பல்பு மங்கலாக எரிந்திருக்கிறது. மண் வெடித்துக் கிடக்கிறது, கம்பியை வேறு இடத்தில் அடிக்கிறேன் என்று சொல்லி அவர் வெளியே போயிருக்கிறார். பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிவிட்டு, பழைய இடத்திலிருந்து கம்பியைப் பிடுங்கியிருக்கிறார். பல்பு அணைந்தது.

“அணைஞ்சுதா. அப்புறம் கொஞ்சம் கழிச்சு வந்துச்சு தம்பி. செவப்பா. அடுப்புல கங்கு கெடக்கும் பாரு, அந்த மாதிரி. நான் உள்ளேருந்து, வந்துடுச்சு, வந்துடுச்சு, இன்னுங் கொஞ்சம் அமுத்துங்கன்னு சத்தம் போட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னு எரிஞ்சுச்சு. அப்புறம் போயிடுச்சு. சரி, கரண்ட் கட்டுன்னு நெனச்சேன். உலைய எறக்கி வச்சுட்டுப் போயி பாக்குறேன், கெடக்காரு.” முந்தானையால் தட்டின் ஓரத்தில் இருந்த ஈயை விரட்டினார். “போறப்ப சொல்லிட்டுப் போயிருக்காரு. அதான் அந்தச் செவப்பு. அதுலேருந்து அவரு அந்த லைட்டுலதான் இருக்காரு.”

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். பல்பு அணைந்தால் கரண்ட் இல்லை என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். கம்பியை மண்ணிலிருந்து எடுத்தால் பல்பு அணையத்தான் செய்யும், ஆனால் கரண்ட் பல்பைத் தாண்டி வந்து, கையில் இருக்கிற கம்பியில் காத்துக்கொண்டிருக்கும். அவர் வெறுங்காலோடு சேற்றில் நின்று அதைப் பிடித்திருந்தார். கங்குச் சிவப்பு என்ன என்பது கடையில் நின்ற எனக்குத் தெரியும். அந்தப் பல்பு ஐம்பது அறுபது வோல்ட்டில் அப்படித்தான் இருக்கும். அப்போது அதில் ஓடுவது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு. மீதி நூற்று எழுபது சொச்சம் வோல்ட் எங்கே நின்றது? வகுத்தால் எண்ணூற்று அறுபது, எழுபது ஓம். பெருக்கினால் முப்பத்தைந்து வாட். வேண்டாம் என்று நினைப்பதற்குள் மனசு கணக்கை முடித்துவிட்டது. காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

தட்டைக் கழுவி வைத்தேன். இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் அக்கா சில்வர் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்தார். கம்பிக்குக் கொஞ்சம் தள்ளிச் செருப்பைக் கழற்றி விட்டார். செத்தவர் இடத்தில் செருப்போடு நிற்கக் கூடாதே. வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, குடத்தைச் சாய்த்துக் கம்பியைச் சுற்றி ஊற்றினார். குடத்தின் விளிம்பு கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடியது. உள்ளே பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு ஏறியது. அக்கா முகத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுப்பது போல.

“உள்ளங்கால்ல சுர்ருன்னு ஏறும் தம்பி,” என்றார். “இப்ப ஏறுது. பக்கத்துல வந்து நிக்கிறாரு.”

“அக்கா, இந்தப் பக்கம் வாங்க.”

“என்ன?”

“செருப்பப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கம் வாங்கக்கா. வந்துட்டுப் பேசுங்க.”

என் குரல் எப்படி இருந்ததோ, வந்துவிட்டார். நான் மறுபடி மீட்டரை வைத்தேன். பல்பில் இருநூறு, மண்ணில் முப்பது, கரண்ட் ஆம்பியரில் ஐந்தில் இரண்டு பங்கு. வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார் என்று அடுப்புக் கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதிக் காட்டினேன். தொண்ணூறை வகுத்தால் இருநூற்று எழுபது, அது காய்ந்த மண். முப்பதை வகுத்தால் எழுபத்தைந்து, அது நனைந்த மண்.

“நீங்க தண்ணி ஊத்துனா மண்ணு வழி விடுது. அதான் பல்பு எரியுது. உங்க கால்ல ஏறுறது அந்த மண்ணுல ஓடுற கரண்ட்டு. ஒரு நாளு குடம் கம்பில பட்டாலும் போச்சு. கம்பி ஆடி வெளிய வந்தாலும் போச்சு.”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் எடை போட்டு விற்கிறவர், வகுத்தல் புதிதில்லை. விரலால் எண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

“காஞ்ச மண்ணு மறிக்கிது.”

“ஆமாக்கா.”

“ஈர மண்ணு வுடுது.”

“ஆமா.”

“மண்ணே இல்லன்னா?”

“எரியாதுக்கா.”

“எரியாது,” என்றார். விரல் சுவரிலேயே நின்றது. கோழி ஒன்று உள்ளே நுழைந்தது, அதைக்கூட விரட்டவில்லை. “கம்பி அவரு கையில இருந்துச்சு. மண்ணுல இல்ல. அப்ப எப்படி எரிஞ்சுச்சு?”

நான் கரித்துண்டைக் கீழே வைத்தேன்.

“நீ சோறு திங்கிறப்பவே கணக்குப் போட்டுட்ட,” என்றார். “மூஞ்சியப் பாத்தேன். ரசம் புடிக்கலன்னு நெனச்சேன்.”

“அக்கா.”

“மண்ணுக்குப் பதிலா அவரு நின்னாரு. அப்படித்தான?”

“ஆமாக்கா.”

“நான் வந்துடுச்சுன்னு சத்தம் போட்டப்ப உசுரு இருந்துச்சா?”

“அது எனக்குத் தெரியாதுக்கா. அது கணக்குல வராது.”

“சுவிச்ச அமுத்தியிருந்தா?”

சுவிட்ச் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. உலை இறக்கிய இடத்திலிருந்து கை எட்டும். அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். கரண்ட்டை நிறுத்தும் பியூஸ் கட்டையை நானே பிடுங்குகிறேன் என்று பின்னால் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். கட்டையை அவரே பிடுங்கி என் கையில் கொடுத்தார். வீடு இருட்டானது.

“கம்பியப் புடுங்கிடு. ஒயரையும் உருவிடு.”

மீட்டரை வைத்து ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகு பிடுங்கினேன். ஈர மண்ணில் சுலபமாக வந்துவிட்டது. ஒயரை வீட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் உருவிச் சுருட்டி, கொட்டகை மேலே போட்டேன். மோட்டாருக்கு மட்டும் கட்டையைத் திரும்ப மாட்டினேன். அவசரத்துக்கு என் பையிலிருந்த சார்ஜ் விளக்கை நிலைப்படியில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

மறுபடியும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். தினம் ஒரு குடம்தான், அன்றைக்கு இரண்டாவது. செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பி இருந்த குழியில் ஊற்றினார். குழி குடித்துக்கொண்டே இருந்தது. ஊற்றி முடித்ததும் பழக்கத்தில் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. இனி எரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாவு விழுந்த வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அங்கே சாவு விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன். கொழுந்தனின் டெம்போவுக்குக் காத்திருக்கவில்லை.

பஸ்ஸில் நடத்துனர், “கம்பியக் கால்மாட்டுல படுக்கப் போடுங்க, எவன் காலயாவது கிழிச்சு வைக்காதீங்க,” என்றார். பெரம்பலூரில் இறங்கி, பழைய இரும்புக் கடை வாசலில் கிடந்த குவியலில் அதைப் போட்டேன். போன் செய்து அந்தக் கொழுந்தனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் திட்டினார், லைட்ட சரி பண்ணச் சொன்னா புடுங்கிட்டா வந்த என்று. முழுதும் கேட்டார். “நான்தாம்ப்பா திருப்பி அடிச்சுக் குடுத்தேன்,” என்றார். வைத்துவிட்டார்.

காயில் கடைக்கு எதிரே வந்து நின்றேன். கடை திறந்திருந்தது. முதலாளி ஏதோ ஒரு மோட்டாரை மேசையில் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். மேலே சீரிஸ் பல்பு இழை மட்டும் தெரிகிற மாதிரி சிவந்து நின்றது. அவர் ஒயரை மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு தடவையும் அது சிவந்தது, அணைந்தது, சிவந்தது. நான் ரோட்டைக் கடக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் கருவிப் பையைக் கொடுத்து, முதலாளியிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்ற அரியலூர் வண்டியில் ஏறிவிட்டேன்.

காலையில் அரியலூரில், சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையில் நிற்கிற ஒரு ஷெட்டில் போய் வேலை கேட்டேன். அங்கே லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஆள் பல் குச்சியைக் கடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன வேல தெரியும்?”

“ஏறி எறங்குற வேல எதுன்னாலும் செய்வேங்க.”

“கரண்ட் வேல தெரியுமா? ஆபீஸ் ரூம்ல ரெண்டு நாளா லைட்டு மினுக்குது, ஒரு பய வரமாட்டேங்குறான்.”

“தெரியாதுங்க.”

“அப்ப தார்ப்பா கட்டு. கீழ வுழுந்தா நான் பொறுப்பில்ல, மேல நின்னு ஊர வேடிக்க பாக்காத.”

முதல் லாரியின் பின் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினேன். கல்லில் இன்னும் இரவின் குளிர்ச்சி இருந்தது. கீழே நின்ற ஆள் தார்ப்பாயின் முனையைத் தூக்கி எறிந்தார். பிடித்து, கல்லின் மேல் இழுத்து விரித்து, ஓரக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டேன். அடுத்த முனைக்கு நகர்ந்தேன்.